அரை மணி குறைந்த சிங்கப்பூர்

அத்தியாயம் 3

போன அத்தியாயத்தில் காணாமல் போன கறவை மாடு விக்கிரவாண்டிச் சந்தையில் கிடைத்துவிட்டது. அதை நினைத்து யாரும் கவலைப்பட வேண்டாம். மாட்டை விழுப்புரம் வரைக்கும் நடத்திக் கூட்டி வந்தவன் சவுரிராயன்தான். அவன் வேட்டியில் இருந்த சாணிக் கறை போவதற்குள் அடுத்த வழக்கு மாடியேறி வந்தது.

ராஜாமணி துப்பறியும் நிலையம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. கீழே பஞ்சர் ஒட்டுவார்கள். மேலே இதைச் செய்வார்கள். ராஜாமணி இருபத்திரண்டு வருஷம் விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள். ஊரில் யார் யாரிடம் எந்தக் குரலில் பொய் சொல்வார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்தப் பலகையை மாட்டினாள். அவளுடைய உதவியாள் சவுரிராயன் ஒரு பிரைவேட் பஸ்ஸில் ஒன்பது வருஷம் கண்டக்டர். ஒருநாள் செக்கிங் வந்த இன்ஸ்பெக்டரிடமே டிக்கெட் கேட்டான். அவர் இல்லை என்றார். அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டான். அதற்கு அடுத்த ஸ்டாப்பில் இவனை இறக்கிவிட்டார்கள்.

அது 1983, ஆவணி மாதம், திங்கட்கிழமை. வந்தவள் திண்டிவனத்துக் காந்திமதி. புருஷன் இல்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. ஒரே மகள் அம்சா, விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பாடம் சொல்லித் தருகிறாள். தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை சிங்கப்பூர். பேர் விருத்தாசலம். வருகிற வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது.

அதற்குள் மாப்பிள்ளையிடம் ஒரு குறை கண்டுபிடித்துத் தரவேண்டும் என்றாள் காந்திமதி.

குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா, கண்டுபிடித்தே தீரவேண்டுமா என்று ராஜாமணி கேட்டாள். காந்திமதி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, சிங்கப்பூருக்கு ஏரோப்ளேனில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். நாலு மணி நேரம் என்றாள் ராஜாமணி. தூரம் எவ்வளவு என்றாள். மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பிறகு, நடுவில் எங்கேயாவது நிற்குமா என்றாள்.

"டீ குடிக்க நிறுத்த மாட்டாங்கம்மா," என்றான் சவுரிராயன். "கீழ பூரா கடலு."

காந்திமதி சிரிக்கவில்லை. நாளைக்கு மாப்பிள்ளை சித்தப்பாவோடு வீட்டுக்கு வருகிறார், நீங்களும் உறவுக்காரர்கள் மாதிரி வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சிங்கப்பூர் மாப்பிள்ளை கிடைத்த பெருமையை நாலு பேரிடம் சொல்லிப் பார்க்கிறாள் என்று சவுரிராயன் நினைத்தான். அவன் நினைத்தது தப்பு. அது கடைசியில்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கெல்லாம் இருவரும் திண்டிவனத்தில் காந்திமதி வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ராஜாமணி அத்தை முறை. சவுரிராயன் அத்தைக்குத் தம்பி. கேசரி வந்தது.

விருத்தாசலத்துக்கு முப்பது வயது இருக்கும். நல்ல உயரம். சட்டையில் சென்ட் வாசனை, நெற்றிப்பொட்டில் கோடாலித் தைல வாசனை. கையில் பளபளவென்று ஒரு வாட்ச். கூட வந்த சித்தப்பா சுப்பராயலு திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு வைத்திருப்பவர். கேசரியைத் தவிர வேறு எதிலும் வாய் வைக்கவில்லை.

"விருத்தாசலம்னு பேரு," என்றான் சவுரிராயன், தட்டைப் பார்த்துக்கொண்டே. "விழுப்புரத்துலேர்ந்து விருத்தாசலத்துக்கு டிக்கெட் குடுத்துருக்கேன். சிங்கப்பூருக்குப் போன விருத்தாசலத்த இப்பதான் பாக்கறேன்."

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. தேக்கா மார்க்கெட்டில் நம் ஊர்க் கீரை கிடைக்கும். மத்தியானம் ஆனால் மழை பெய்யும், மழை நின்ற பத்தாவது நிமிஷம் வேர்க்கும். எல்லாம் போய் வந்தவர்கள் சொல்வதுபோலவே இருந்தது. பாஸ்போர்ட்டைப் பார்க்கலாமா என்றதற்கு, மெட்ராஸில் ஏஜென்ட்டிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னான். அதையும் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

ராஜாமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எந்த நேரத்து ப்ளேனில் வந்தீர்கள் என்று.

"போன வாரம் செவ்வாக்கெழமைங்க. காலையில ஒம்பதுக்கு அங்க ஏறுனேன். பதினொண்ணுக்கு மீனம்பாக்கத்துல எறங்கிட்டேன். நாலே மணி நேரம்."

சவுரிராயன் கேசரித் தட்டைக் கீழே வைத்தான். ஒன்பதிலிருந்து பதினொன்று இரண்டு மணி நேரம். கண்டக்டர் கணக்கில் இதெல்லாம் தப்பவே தப்பாது. ராஜாமணியின் முகத்தைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. டிரங்க் கால் காத்திருப்பில் போட்டது மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நகராட்சி அலுவலகத்துச் சங்கு ஊதியது. திண்டிவனத்தில் மணி பன்னிரண்டு. ராஜாமணி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அதிலும் பன்னிரண்டு. உங்களுடையதில் என்ன மணி என்று மாப்பிள்ளையைக் கேட்டாள்.

விருத்தாசலம் சிரித்தபடி கையைத் திருப்பிக் காட்டினான். முள் சரியாக இரண்டில் நின்றது.

"வந்ததுலேர்ந்து இத நான் திருப்பவே இல்லீங்க. அங்க எப்படி ஓடுச்சோ அப்படியே ஓடுது. சிங்கப்பூர் டைமு."

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வாட்ச்சைத் திருப்பாமல் வைத்திருப்பது ஊரில் ஒரு பெருமைதான். நல்ல வாட்ச் என்றாள் ராஜாமணி. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. காந்திமதி கதவோரம் நின்று அந்த வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குள் யாரோ இருப்பதுபோல. அம்சா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்புகிற பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை சவுரிராயன் அடக்கிக்கொண்டிருந்தான். பிறகு முடியவில்லை. ஆளைப் பிடித்துவிட்டோம் என்றான். நாலு மணி நேரப் பயணம் என்கிறான், ஒன்பதுக்கு ஏறிப் பதினொன்றுக்கு இறங்கினேன் என்கிறான். இரண்டு மணி நேரத்தைக் கடலில் போட்டுவிட்டானா?

"அங்க நமக்கு முன்னாடியே பொழுது விடியும் சவுரி," என்றாள் ராஜாமணி. "இங்க பன்னெண்டுன்னா அங்க ரெண்டுக்கு மேல. இந்தப் பக்கம் வர்றப்ப அந்த நேரத்தத் திருப்பிக் குடுத்துடுவாங்க."

"திருப்பிக் குடுத்துடுவாங்களா."

"குடுத்துடுவாங்க."

சவுரிராயன் ஜன்னலோரம் திரும்பிக்கொண்டான். ஒன்பது வருஷ அனுபவத்தில் பாக்கிச் சில்லறையாக நேரத்தைக் கொடுக்கிற வண்டியை அவன் கேள்விப்பட்டதில்லை.

ராஜாமணி விரலை மடக்கினாள். காலை ஒன்பதோடு நாலு மணி நேரத்தைக் கூட்டினால் சிங்கப்பூரில் மத்தியானம் ஒன்று. அதில் இரண்டு மணி நேரத்தைக் கழித்தால்தான் இங்கே பதினொன்று வரும். மாப்பிள்ளை போட்ட கணக்கு அது.

"சரியாத்தானே இருக்குது," என்றான் சவுரிராயன், ஜன்னலைப் பார்த்தபடியே.

"எண்பத்தி ஒண்ணு கடைசி வரைக்கும் சரி," என்றாள் அவள்.

பிறகு சொன்னாள். வெளிநாட்டுக் கால்களை மெட்ராஸ் எக்ஸ்சேஞ்சுக்குத் தள்ளிவிடுவதுதான் அவள் வேலை. அதற்காக எந்த ஊரில் எத்தனை மணி என்று ஓர் அட்டையில் எழுதி எதிரே ஒட்டியிருப்பாள். சிங்கப்பூருக்கு நேராக இரண்டு மணி என்று இருக்கும். விழுப்புரத்தில் ஒரு பாத்திரக் கடைக்காரர் வருஷா வருஷம் ஜனவரி முதல் தேதி சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வேலைக்குக் கிளம்புவதற்கு முன் வாழ்த்துச் சொல்லிவிடுவார். எண்பத்தி இரண்டு ஜனவரி முதல் தேதி, தம்பி அப்போதே கிளம்பிப் போய்விட்டான் என்று அந்தப் பக்கத்தில் சொன்னார்கள். கடைக்காரர் ராஜாமணியைப் பிடித்து அரை மணி நேரம் திட்டினார். அப்புறம் மெட்ராஸில் விசாரித்தால், அன்றைக்குத்தான் சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் கடிகாரத்தையெல்லாம் அரை மணி முன்னே தள்ளி வைத்தார்களாம். அவள் அட்டையில் இரண்டை அடித்து இரண்டரை என்று எழுதினாள். திட்டு வாங்கி எழுதியது மறக்காது.

"அப்ப நெசமா சிங்கப்பூர்ல ஓடுன வாட்ச்சுன்னா, சங்கு ஊதறப்ப ரெண்டரை காட்டியிருக்கணும்."

சவுரிராயன் ஜன்னலிலிருந்து திரும்பினான். அப்படியானால் ஆள் சிங்கப்பூர்ப் பக்கமே போகவில்லையா என்று கேட்டான்.

"போயிருக்கான். போகாதவன் யாரையாச்சும் விசாரிச்சு ரெண்டரை வெச்சிருப்பான். தெரிஞ்சவன் எதுக்கு விசாரிக்கப் போறான்? அவனுக்குத் தெரிஞ்சது ரெண்டு. அவ்ளோதான்."

எண்பத்தி இரண்டு பிறப்பதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டவன். ஒன்றரை வருஷத்துக்கு மேலாக இங்கேதான் எங்கேயோ இருக்கிறான். எங்கே என்பதுதான் மீதி. மெட்ராஸா, பாண்டிச்சேரியா, மூன்று நாளில் எப்படித் தேடுவது என்று சவுரிராயன் அங்கலாய்த்தான்.

ராஜாமணி இன்னொன்றையும் கவனித்திருந்தாள். கட்டிக்கொண்டு மூவாயிரம் கிலோமீட்டர் போகப்போகிற பெண், அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரிசி கிடைக்குமா என்று கேட்கவில்லை. குளிருமா என்று கூடக் கேட்கவில்லை. ப்ளேனில் போக பயமாக இருக்குமே என்று ஒரு பேச்சு, ஒரு முகச்சுளிப்பு கிடையாது.

"போகமாட்டோம்னு தெரிஞ்ச பொண்ணுதான் அப்படி இருக்கும்," என்றாள்.

ஆகவே புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இருவரும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் இருந்தார்கள். சவுரிராயன் ஒரு தினத்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். துப்பறிகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பது அவன் எண்ணம். பேப்பரை மடக்குடா, பழைய சகாக்கள் ஆறு பேர் அதற்குள் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள் என்றாள் ராஜாமணி.

எட்டு முப்பத்தைந்துக்குத் திண்டிவனம் வண்டி உள்ளே வந்தது. அம்சா இறங்கினாள். ஒரு கையில் ஹேண்ட்பேக், ஒரு கையில் தூக்குவாளி. டைம் கீப்பர் அறைக்குப் பக்கத்தில் நீலச் சட்டையில் எண்ணெய்க் கறையோடு ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். தூக்குவாளியை அவனிடம் கொடுத்தாள். அவன் மூடியைத் திறந்து பார்த்தான். மல்லாட்டைத் துவையல் வைக்கவில்லையா என்று அவன் கேட்டதும், அடியில் இருக்குது என்று அவள் சொன்னதும் டீக்கடை வரைக்கும் கேட்டது.

"சிங்கப்பூர் ஃப்ளைட் வந்துடுச்சுக்கா," என்றான் சவுரிராயன். "அஞ்சு நிமிஷம் லேட்டு."

ராஜாமணி பெஞ்சிலிருந்தே கையசைத்து இருவரையும் கூப்பிட்டாள். விருத்தாசலம் ஓடப் பார்க்கவில்லை. ஓடுவதற்குத் தூக்குவாளி இடைஞ்சல். அம்சா அத்தை முறைக்காரியைப் பார்த்தாள், சவுரிராயனைப் பார்த்தாள், பிறகு வந்து அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராஜாமணி நான்கு டீ சொன்னாள்.

கதை நீளமில்லை. கப்பல் பட்டறை காண்ட்ராக்ட் எண்பத்தி ஒன்று கார்த்திகையில் முடிந்தது. ஆளை அனுப்பிவிட்டார்கள். விருத்தாசலம் விழுப்புரத்தில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற ஒரு பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் கேட்டில் ஒரு கீல் பெயர்ந்துபோய், அதை ஒட்ட இவனை அனுப்பினார்கள். அரை நாள் வேலை. நாலு நாள் செய்தான்.

பட்டறை வேலைக்கு என்ன குறைச்சல், அதைச் சொல்லியே கேட்டிருக்கலாமே என்றாள் ராஜாமணி.

அம்சா டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தாள். அவளுடைய அத்தை கிருஷ்ணவேணி தன் மகளைத் துபாய் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, பத்திரிகை வைக்க வந்த இடத்தில் ஒரு மாதிரியாகப் பேசினாளாம். அப்போது காந்திமதி நாலு பேர் எதிரில் ஒரு வார்த்தை சொன்னாள்.

"எம்பொண்ணுக்கு சிங்கப்பூர் மாப்பிள்ளை வந்தாதான் குடுப்பேன்னுட்டுது எங்கம்மா. தெருவே கேட்டுச்சு. அதுக்கப்புறம் பட்டறைன்னு எப்படிக்கா போய் நிக்கிறது? இவுரு அங்க இருந்தவர்தானே, இன்னும் கொஞ்ச நாளு இருந்ததா சொன்னா இன்னான்னு நெனச்சோம்."

கல்யாணம் ஆனபிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று ராஜாமணி கேட்டாள்.

"விசா வர்லன்னு சொல்லிக்கினே இருந்துடலாம்னு."

"எவ்ளோ நாளைக்கு?"

"பேரப்புள்ள பொறக்கற வரைக்கும்."

சவுரிராயன் மரியாதையோடு தலையசைத்தான். திட்டம் அவனுக்குப் பிடித்திருந்தது.

விருத்தாசலம் தன் வாட்ச்சைத் தொட்டுக்கொண்டே இருந்தான். இப்போது அதில் நம் ஊர் மணிதான். நேற்றைக்கு மட்டும் இரண்டு மணி கூட்டி வைத்தானாம். அதில் என்ன தப்பு வந்தது என்று கேட்டான். ராஜாமணி சொன்னாள். அவன் நம்பவில்லை. அவன் கிடந்து உழைத்த ஊர், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அரை மணி நகர்ந்துவிட்டது. அவன் முகம் பார்க்கப் பாவமாக இருந்தது.

ராஜாமணிக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் அவளிடம் வந்தவள் காந்திமதி. கண்டதை மறைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

"நான் சொன்னா அது துப்பு," என்றாள் அம்சாவிடம். "நீ சொன்னா அது பேச்சு. பத்து மணி வண்டி இருக்குது. நாங்களும் கூட வர்றோம்."

கல்யாணம் நின்றுபோனால் என்று கேட்க வாயெடுத்த அம்சா, கேட்காமல் எழுந்தாள். இன்ஸ்டிடியூட்டுக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு வண்டி ஏறினாள். விருத்தாசலம் பட்டறைச் சட்டையோடேயே ஏறினான்.  பஸ்ஸில் ஒரு நாளும் வாயை மூடாத சவுரிராயன், கண்டக்டரிடம் நாலு திண்டிவனம் என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

சத்துணவுக் கூடத்தில் காந்திமதி சாம்பார் அண்டாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஆள் உயரத்துக்குக் கரண்டி. நாலு பேரும் வரிசையாக வருவதைப் பார்த்தாள். எண்ணெய்ச் சட்டையைப் பார்த்தாள். கிண்டுவதை நிறுத்தவில்லை.

அம்சா அழாமல் சொன்னாள். கேட்டின் கீலிலிருந்து ஆரம்பித்து வாட்ச்சு வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.   சவுரிராயன் கரண்டியின் நீளத்தையும் தனக்கும் அதற்கும் உள்ள தூரத்தையும் மனசுக்குள் அளந்து, ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

காந்திமதி அடுப்பிலிருந்து ஒரு விறகை இழுத்தாள். தணலைத் தட்டினாள். பிறகு சவுரிராயனைத்தான் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ பஸ்ஸுல இருந்தவன்தானே. விழுப்புரத்துலேர்ந்து இங்க வர எவ்ளோ நேரம்?"

"முப்பத்தேழு கிலோமீட்டரும்மா. ஒரு மணி நேரம். கூட்டேரிப்பட்டுல டீ குடிச்சா ஒண்ணே கால்."

"ராத்திரி வண்டி?"

"கடைசி வண்டி பத்தரைக்கு. அதவிட்டா லாரிக்காரன் ஏத்திக்குவான்."

அவள் தலையசைத்தாள். கரண்டியை அண்டாவின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புகையா வேறு எதுவுமா என்று சவுரிராயனுக்குத் தெரியவில்லை. பிறகு ராஜாமணியிடம் திரும்பினாள்.

"குறை கண்டுபிடிங்கன்னேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? நாத்தனா எதுக்க ரோசத்துல வாய விட்டுட்டேன். நெசமாவே ஒருத்தன் வந்து நின்னுட்டான். வேணாம்னு நான் எந்த வாயால சொல்றது? இவளுக்கு ஒரு தலவலின்னா நான் பஸ்ஸு ஏறிப் போயிடுவேன். கடலுக்கு மேல நாலு மணி நேரம் எனக்கு எந்த பஸ்ஸு வரும்? திங்கக்கெழமலேர்ந்து தூங்கலிங்க."

அம்சா தலையை நிமிர்த்தினாள். அம்மாவுக்கு வேண்டும் என்று மகள் சிங்கப்பூரைக் கொண்டுவந்தாள். மகளுக்கு வந்துவிட்டதே என்று அம்மா அதை விழுங்கப் பார்த்தாள். அந்த ஊர் இரண்டு பேருக்குமே வேண்டாமாம். இதைக் கண்டுபிடிக்க ஓர் எக்ஸ்சேஞ்சும் ஒரு பஸ்ஸும் வேண்டியிருந்தது.

"அத்தை கேட்டா இன்னாம்மா சொல்றது?" என்றாள் அம்சா, மெதுவாக.

"சிங்கப்பூர்லேர்ந்து வந்தவர்னு சொல்லு. எப்ப வந்தார்னு அவ கேக்க மாட்டா."

துப்பறியும் நிலையத்தின் கருத்து என்ன என்று எல்லோரும் ராஜாமணியைப் பார்த்தார்கள். அது பொய் இல்லை என்றாள் அவள்.

பொய் சொன்னதற்கு மட்டும் காந்திமதி விருத்தாசலத்தைச் சும்மா விடவில்லை. சாம்பார் அண்டாவை இறக்க அவனைக் கூப்பிட்டாள். தனி ஆளாக இறக்கினான். இனிமேல் இந்த வீட்டில் யாரும் எதையும் கூட்டிச் சொல்லவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது என்றாள். அவன் சரி என்றான்.

அப்போது சங்கு ஊதியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது. காந்திமதி அவன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"இப்ப இன்னா மணி மாப்ள?"

விருத்தாசலம் வாட்ச்சைப் பார்த்தான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தான்.

"பன்னெண்டு அத்த."

"விழுப்புரத்துல?"

"அங்கயும் பன்னெண்டுதான்."

காந்திமதி கரண்டியை எடுத்துக்கொண்டு பரிமாறப் போனாள்.